அலமாரியில் ஓர் ஓணான்

அன்புத் தங்கச்சிக்கு,

கல்லூரியில் நீ செய்த ஓணான் பத்திரமாக வந்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். சாயங்காலம் திரும்பினால் அம்மா, "ஏட்டி, வெளக்கமாத்த எடு, வீட்டுக்குள்ள ஓணான்!" என்று கத்துகிறாள். சுட்ட மண் என்று நான் சொல்லியும் நம்பவில்லை. முதுகில் நீ பதித்த செம்பு முட்களைத் தொட்டபிறகுதான், "எம்புட்டு உசிரா இருக்கு! எம் மக கைவேலையாட்டி இது?" என்றாள். மருந்துத்தூள் ஒட்டிவிடக் கூடாதென்று, நான் இரண்டு முறை கை கழுவிவிட்டுத் தொட்டேன்.

வெள்ளிக்கிழமை உன்னைப் பெண் பார்க்க ஆமத்தூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வா என்று போன கடிதத்தில் எழுதியவளும் நான்தான். இன்று அம்மாவே அவர்களிடம் போய், "எம் மக படிச்சு முடிக்கட்டும், இப்ப வராதீக" என்று சொல்லிவிட்டாள்.

நீ வர வேண்டாம். அடுத்து மண்ணில் என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

உன் அக்கா