கப்டன் பக்கத்தின் கடைசி வரி

1994 ஓகஸ்ட் 8, திங்கள்

வெக்கை. அச்சகத்தில் ஏசி மூன்றாம் நாளாக வேலை செய்யவில்லை. முதலாளி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எங்களைப் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்.

அச்சுக் கோர்த்தவை: கலியாண அட்டை 1. மரண அறிவித்தல் 2. மளிகைக்கடை நோட்டீஸ் 1 (வெண்டைக்காய் விலை மூன்று தரம் மாறியது).

மா. 4 மணிக்கு நடேசண்ணை வந்தார். விளையாட்டுக் கழகச் செயலாளர். 20ஆம் திகதி உதைபந்தாட்டப் போட்டியாம், மலர் வேண்டுமாம், நாற்பது பக்கம். எல்லோருக்கும் கடைசிப் பத்து நாளில்தான் ஞாபகம் வரும். பிரதம விருந்தினர் ஒரு வெள்ளைக்காரர், நடேசண்ணையின் வேலையிடத்து சூப்பர்வைசர். ஒருகாலத்தில் இங்கிலாந்தில் தொழிலாகவே பந்து விளையாடியவர். அங்கே பன்னிரண்டு வருடம் ஒரு கழகத்துக்குக் கப்டன். முரட்டு ஆட்டக்காரராம். அவரைப் பற்றி ஒரு பக்கம் நான்தான் எழுதிக் கோர்க்க வேண்டும். உதைபந்து பற்றி எனக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது மட்டும்.

இடது பக்கப் பல் வலி. கராம்பு வைத்தேன்.

ஓகஸ்ட் 10, புதன்

காலையில் மழை. பிறகு இன்னும் மோசமான வெக்கை. லோரன்ஸ் வீதி பஸ் இருபது நிமிடம் பிந்தி.

கப்டன் வந்தார். பெயர் மிஸ்டர் ஹாலம். ஆனால் நடேசண்ணை கப்டன் கப்டன் என்று சொல்லி எனக்கும் அதுவே ஒட்டிவிட்டது. ஐம்பது வயதிருக்கும். மூக்கு இரண்டு இடத்தில் வளைவு. முழங்கால் மடங்குவதில்லை, மேசையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதிரையில் இறங்கினார். மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்கள் இருக்கும் கதிரை அது. சொல்லவில்லை.

குறிப்பு: பதினாறு வயதில் கழகத்தில் சேர்ந்தார். முதல் வேலை, பெரிய ஆட்டக்காரரின் சப்பாத்துத் துடைப்பது. இருபத்தாறில் கப்டன். ஒரு கிண்ணம். கடைசி இரண்டு வருடம் முழங்காலில் ஊசி ஏற்றிக்கொண்டு விளையாட்டு. பிறகு ரொறன்ரோவில் ஒரு கழகம் கூப்பிட்டது. அதை மூடிவிட்டார்கள். இவர் இங்கேயே நின்றுவிட்டார். இப்போது மார்க்கம் நகரில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை.

எதிராளியிடமிருந்து காலால் பந்தைப் பறிப்பதற்கு ‘ரக்கிள்’ என்று ஒரு சொல். அதற்குப் பெயர் போனவராம். தமிழில் எழுத எனக்கு அரை வரி வேண்டும்.

போக எழும்பியவர் திரும்பவும் இருந்தார். ஒரு விஷயம் கட்டாயம் போட வேண்டும் என்றார். எதிரணியில் டெனிஸ் பார்லோ என்று இருபத்திரண்டு வயதுப் பையன். இவருடைய ரக்கிளில் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பிறகு அவன் விளையாடவேயில்லை. தன்னைப் பற்றி யார் எழுத வந்தாலும் இதைச் சொல்வாராம், ஒவ்வொரு தரமும் யாரோ வெட்டிவிடுவார்களாம்.

“உங்கள் பாஷையிலாவது இருக்கட்டும்” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். வாக்குத்தான் அது.

ஓகஸ்ட் 11, வியாழன்

கப்டன் பக்கம் முடிந்தது. படத்தை நீள்வட்டத்துக்குள் வைத்து, கீழே விளையாடத் தொடங்கிய வருடமும் விட்ட வருடமும் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, “மனுசனை உயிரோடை மேலை அனுப்பிப்போட்டீர்” என்றார். உண்மைதான், அசல் கண்ணீர் அஞ்சலி. கைப்பழக்கம். சதுரமாக்கினேன்.

மதியம் கப்டன் தொலைபேசியில். கால் முறிந்த இடத்தை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டச் சொன்னார். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று தொடங்கியிருந்தேன். நாகரிகமாக இருக்கட்டுமே என்று. அதை எடுக்கச் சொன்னார். பந்து போய்விட்டது, போனதைக் கண்டார், கண்ட பிறகும் காலை வீசினார், இதில் அதிர்ஷ்டம் எங்கே வந்தது என்று கேட்டார். எடுத்தேன். இப்போதுள்ள வரி: ‘பந்து போய்விட்டது என்று தெரிந்தும் டெனிஸ் பார்லோவின் காலை உடைத்தார்.’ பக்கத்தின் கடைசி வரி.

நான் கோர்த்தவற்றில் இவ்வளவு வெறும் வரி வேறில்லை. பிடித்திருக்கிறது.

வாங்க: புளி, சலவைத்தூள், பல் வைத்தியரின் எண் (பக்கத்து வீட்டு யோகாவிடம் கேட்க).

ஓகஸ்ட் 15, திங்கள்

நடேசண்ணை புரூஃப் பார்க்க வந்தார். மற்ற முப்பத்தொன்பது பக்கத்திலும் ஒரு பிழையும் அவர் கண்ணில் படவில்லை. (இரண்டு இருந்தன. நானே பிடித்தேன்.) கப்டன் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனா.

“தங்கச்சி, ஆளை விருந்தாளியா மேடைக்குக் கூப்பிட்டுப்போட்டு, காலை முறிச்சவர் எண்டு எழுதேலுமே?”

அவர்தான் போடச் சொன்னவர் என்றேன்.

“அவர் சொல்லுவார். நாளைக்கு வேலையிலை அவரின்ரை முகத்திலை முழிக்கிறவன் நான்.”

வரி போய்விட்டது. வெறும் இடம் விடக் கூடாது என்று, மதியச் சாப்பாடு தருகிறவர்களின் பெயரை அங்கேயே போடச் சொன்னார். போட்டேன். ‘மதிய உணவு உபயம்: திருமதி செல்வராணி குடும்பத்தினர்.’ அளவும் அச்சொட்டாகப் பொருந்திவிட்டது.

கப்டனுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். இலக்கம் மேசையிலேயே கிடந்தது. பல் வலி, நேரமில்லை, நான் கூலிக்குக் கோர்க்கிறவள்தானே. காரணத்துக்கா பஞ்சம்.

ஓகஸ்ட் 20, சனி

நல்ல வெயில், காற்று. ஸ்காபரோவில் பார்க் நிறையச் சனம். மலரில் என் பெயர் சரியாக இருக்கிறது.

கப்டன் அந்த வெயிலிலும் பிளேசர் கோட். கிண்ணத்தைக் கொடுத்தார், சிறுவர்களோடு படம் எடுத்தார், செல்வராணி அன்ரி போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமலே திரிந்தார். நடேசண்ணை அவருக்குப் பின்னால் குடை பிடிக்காத குறை.

பிறகு கப்டன் மலரோடு என்னிடம் வந்தார். எது அந்த வரி என்று கேட்டார்.

கடைசி வரியில் விரலை வைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. விரல் போய்விட்டது. கப்டன் அந்த வரியை முதலிலிருந்து கடைசி வரை தடவினார். இவ்வளவு நீளமா என்றார். தமிழ் இடம் பிடிக்கும் என்றேன். அதற்குச் சிரிக்கவும் செய்தேன்.

இன்னொரு பிரதி வாங்கி, அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். ஓரத்தில் தன் பெயர், தொலைபேசி இலக்கம். டெனிஸின் விலாசத்தைப் பழைய கழகத்திடம் எப்போதோ வாங்கி வைத்திருந்தாராம். திங்கட்கிழமை தபாலில் போடப் போகிறார். என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

சோற்றுப் பார்சல் தந்தார்கள். திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இதைவிட வேறு சொல் தேடத் தேவையில்லை.

ஓகஸ்ட் 23, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. வாய் பாதி மரத்து, அச்சகத்தில் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெட்டினது நடேசன். நீர் ஏன் கிடந்து உருகுறீர்?” வெட்டியது நடேசண்ணைதான். விரல் என்னுடையது.

ஓகஸ்ட் 29, திங்கள்

குளிர் தொட்டுப் பார்க்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து, அளவு 5, அவளுக்குப் பிடிக்காத நிறம்.

இரண்டு தரம் கப்டனுக்கு எண் சுழற்றினேன். முதல் தரம் மணி அடிக்க முன்னமே வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் அவர் ஹலோ சொன்ன பிறகு.

செப்டெம்பர் 3, சனி

வானம் மூட்டம். ஏசி திருத்திவிட்டார்கள், இனி எதற்கு?

மு.ப. 11 மணி. கப்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் கதிரையைப் பிடிக்க முன்னமே சொல்லத் தொடங்கிவிட்டேன். வரியை வெட்டியது, சாப்பாட்டு வரி போட்டது, நான் விரல் வைத்தது. நடேசண்ணையின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களும் வெட்டிவிட்டார்கள் என்றேன், அதில் நானும் ஒருத்தி என்றேன். முதலாளி கொம்பியூட்டருக்குப் பின்னால் அசையாமல் இருந்தார்.

கப்டன் முழுவதையும் கேட்டார். பிறகு தனக்குத் தெரியும் என்றார்.

வியாழக்கிழமை டெனிஸ் பார்லோ இங்கிலாந்திலிருந்து போன் எடுத்திருக்கிறான். தபாலில் வந்த பக்கம் ஒன்றும் விளங்காமல், தெருமுனைப் பெற்றோல் நிலையத்தில் நிற்கும் தமிழ் ஆளிடம் கொண்டுபோய்க் காட்டினானாம். அந்த ஆள் கோடு போட்ட இடத்தை வாசித்துச் சொல்லியிருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் பேசாத மனிதன் எடுத்து முதலில் கேட்டது, யார் இந்தச் செல்வராணி, எனக்கு எதற்குச் சாப்பாடு.

கப்டன் மேசையைப் பிடித்து மெல்ல இருந்தார். வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதி அனுப்பினால் வாயால் சொல்லாமல் தப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாராம். அவன் கேட்டதும் வேறு வழி இல்லாமல் போனிலேயே சொன்னாராம். பந்து போய்விட்டது, கண்டேன், பிறகும் வீசினேன் என்று.

டெனிஸ் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

அதைக் கேட்டும் அவன் போனை வைக்கவில்லையாம்.