செருப்புக் காலோடு சிஸ்டம் போட்டது

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போன என் பிரியமான மச்சான் ஏழுமலைக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் குடும்பம் முழு அளவில் கூடி, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, உன் கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த பச்சைத் துண்டை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தது. உறுப்பினர்கள் இருவரும் வந்திருந்தோம். உன் தங்கச்சி மல்லிகா முதலில் எதிர்த்தாள், பிறகு எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டாள். துண்டை நான்காக மடித்து பீரோவில் வைத்தோம்.

துண்டு போர்த்திய கதை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு, மூங்கில்துறைப்பட்டில் நீ குடியிருந்த வீட்டைக் காலி செய்து, கம்ப்யூட்டரை இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்து தியாகதுருகத்துக்குக் கொண்டுவந்தோம். நான் அதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அடுத்தவனுக்குக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டு வருடம் நீ எனக்கு அதில் ஓடும் லினக்ஸ் சிஸ்டம் பற்றிப் பிரசங்கம் செய்தாய். ஆடி மாதத்துக் கூழ் மாதிரியா என்று நான் கேட்பேன். நீ ஒரு தடவையாவது சிரித்திருக்கலாம்.

வைகாசியில் ஒருநாள் மதியம், புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று அது கேட்டது. கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. பாதி ஏறியிருக்கும்போது மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் இடித்தது. மல்லிகா வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். ஆலை வேலையாக நீ கரும்புக் கொல்லையில் நின்றிருந்தபோது இடி விழுந்த அந்த ஐப்பசி மதியத்துக்குப் பிறகு, இடிச் சத்தம் கேட்டால் இந்த வீட்டில் எதுவும் சுவரோடு மாட்டியிருக்கக் கூடாது. டிவி, மிக்ஸி, கொசு மருந்து எல்லாம் வெளியே வந்துவிடும். இதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் வாதாடியதில்லை. நீ இருந்திருந்தால் வாதாடியிருப்பாயோ?

மறுபடி மாட்டியபோது திரை கறுப்பாக வந்தது. தான் பதறிப்போயிருப்பதாக ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. நாங்களும் பதறினோம், எழுதிக் காட்டவில்லை. மல்லிகா உன் துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

அப்படியே இருந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலை பஸ்ஸில் வந்து பொன்னுசாமியும் அவர் மகள் சத்யாவும் வாசலில் நின்றார்கள். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து காகிதங்களை மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தவர்களில் ஒருவர். நீ எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வாயாம். உனக்கு எதுக்குய்யா இந்த வேலை என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்யா பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். கல்லூரியில் சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அது கிடைக்க அப்பாவின் பழைய சான்றிதழைக் காட்ட வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள். அப்பாவின் சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டது. ஓரத்தில் முத்திரை மட்டும் மிச்சம். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அண்ணன் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குன்னு அப்பா சொன்னாருங்க," என்றாள் அந்தப் பெண். நான் பச்சைத் துண்டைப் பார்த்தேன். இருவரையும் ராத்திரி இங்கேயே தங்கச் சொன்னோம்.

காலையில் துண்டை எடுத்த பிறகுதான் உன் பென் டிரைவ் நினைவு வந்தது. அவசரத்துக்கு உதவும் என்று சிஸ்டத்தை அதில் ஏற்றி, வண்டிச் சாவியோடு கோர்த்து வைத்திருந்தாயே, அது. உன் வண்டியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். எட்டு மாதமாக வெயிலிலும் மழையிலும் அது என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்துச் செருகினேன். வேலை செய்தது. மூன்றாவது தடவை.

டிஸ்கை இரண்டு பாகமாகப் பிரித்திருப்பதைப் பற்றி நீ ஒரு டீக்கடையில் சொன்னதை வரி வரியாக நினைவுபடுத்திக்கொண்டேன். "முதல் பாகத்துல சிஸ்டம், ரெண்டாவதுல பேப்பரு. முதல அழிச்சிட்டு புதுசா போட்டாலும் ரெண்டாவது அப்படியே கீது. ரெண்டாவதத் தொட்டே, கையி இருக்காது."

முதலில் இரண்டாவது பாகத்தை எட்டிப் பார்த்தேன். உன் பெயரில் ஒரே ஒரு உறை, ஃபோல்டர் என்பாயே அது, அதன்மேல் ஒரு சின்னப் பூட்டு. திறக்கப் போனால் எனக்கு அனுமதி இல்லை என்றது. உள்ளே போகவேண்டுமானால் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டு, அதன் உரிமையாளராக நான் ஆக வேண்டும். வேறு வழி இருந்திருக்கலாம். அதைச் சொல்ல நீ இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். அழிக்கவேண்டிய பாகம் எது, தொடக்கூடாத பாகம் எது என்று காகிதத்தில் எழுதி, சத்யாவை வாசிக்கச் சொல்லி, திரையோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். பிறகு, "நீங்கள் யார்?" என்று அது கேட்டது. ஐம்பத்தேழு வயது ஆளிடம் ஒரு கம்ப்யூட்டர் கேட்கக் கூடாத கேள்வி. பூட்டுப் போட்ட உறையில் இருந்த பெயரையே எழுத்துப் பிசகாமல் அடித்தேன். ஏழுமலை. அந்தப் பெயருக்குத்தான் பூட்டு திறக்கும் என்று என் கணக்கு.

முதல் பாகத்தில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்றது. தொடரலாம் என்றேன். நீலக் கோடு நகர ஆரம்பித்தது. கால்வாசி தாண்டியதும் இடித்தது.

மல்லிகா சுவரோரம் போய் பிளக்கின் மேல் கையை வைத்தாள். பொன்னுசாமி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். மலைக்காரர், சத்தத்தை வைத்தே தூரம் சொல்கிறார். "கோட்டைக்கு அந்தாண்டதாங்க," என்றார், ஊர் மலைக்கோட்டையைக் காட்டி. அடுத்த இடிக்கு அவர் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாங்க, புடுங்கட்டா?"

"நாலு நிமிஷம் மல்லிகா."

"நாலு நிமிஷத்துல இன்னா வேணா ஆவும். அன்னிக்கு அண்ணனும் தோ வந்துட்டேன்னுதான் போன்ல சொல்லிச்சு."

இப்போது பிடுங்கினால் இந்தப் பெண்ணின் காகிதம் திங்கட்கிழமைக்குள் கிடைக்காது என்றேன். பேப்பர் போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்றாள். அவள் விரல்கள் பிளக்கைச் சுற்றி இறுகியதைப் பார்த்தேன். கோடு பாதியில் நின்றுகொண்டிருந்தது, அல்லது நகர்வது எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் ஒரு முறை வெளுத்து அடங்கியது.

அப்போதுதான் சத்யா பேசினாள். "புடுங்கிடுங்கம்மா. நான் அடுத்த வருசம் சேந்துக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்பது போலத்தான் சொன்னாள். மல்லிகா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிளக்கிலிருந்து கையை எடுத்தாள். நேராக வாசலுக்குப் போய் என் ரப்பர் செருப்பை எடுத்து வந்து காலடியில் போட்டாள்.

"மாட்டிக்கினு உக்காருங்க. ரெண்டு காலும் செருப்புலதான் இருக்கணும்."

முப்பது வருட இல்லறத்தில் வீட்டுக்குள் செருப்போடு உட்கார எனக்குக் கிடைத்த முதல் அனுமதி. பூஜை அலமாரிக்கு மூன்றடி தூரத்தில். அவள் சத்யாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய் மரப்பலகையில் உட்கார வைத்தாள். நான் கீபோர்டைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு, மீதிக் கோட்டைப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தென்னையில் விழப்போகிறதா, நம் மொட்டை மாடியிலா என்று காதால் மட்டும் கணக்குப் போட்டேன். நீயும் அன்று அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றாயா?

முடிந்தது என்று திரையில் வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மல்லிகா சமையலறையிலிருந்து வந்து பிடுங்கிவிட்டாள்.

மழை விட்டதும் மாட்டினோம். உறையின் மேல் பூட்டு இல்லை. கிராமத்துக்கு ஓர் உறையாக உள்ளே அடுக்கி வைத்திருந்தாய், ஆள் பெயர் போட்டு, என்ன காகிதம் என்று எழுதி. நீ வண்டிச் சாவியை எங்கே வைத்தாய் என்று உனக்கே தெரியாது, இதை மட்டும் எப்படி இப்படி வைத்தாய்? பொன்னுசாமியின் சான்றிதழ், முத்திரை உட்பட, நேராக, மடிப்பில்லாமல் இருந்தது. அவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். சத்யா தன் போனில் ஏற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை சான்றிதழ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பி.காம். சேர்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே, அவர்கள் பஸ் ஏறிய பிறகு, மல்லிகா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐப்பசியில் தலைத் திவசம் வருகிறது, சுவரில் மாட்ட அண்ணனின் நல்ல போட்டோ ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்றாள். தேடினோம். படங்கள் என்ற உறைக்குள் ஒரு படமும் இல்லை. நீ எழுதிவைத்த ஒரு வரிக் குறிப்புதான் இருந்தது: மலைக்காரங்க பேப்பருக்கு இடம் பத்தல, நம்ம போட்டோ எல்லாம் முதல் பாகத்துக்கு மாத்தியாச்சு.

மல்லிகா அதை இரண்டு முறை படித்தாள். "எடம் பத்தலன்னா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல," என்றாள், உன்னிடம்தான். பிறகு எழுந்துபோய்க் காய்ந்த துணிகளை மடித்தாள்.

மச்சான், மலையிலிருந்து யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீடு திறந்திருக்கும். காகிதத்தை ஸ்கேன் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன், கோணலாக வருகிறது, சரியாகிவிடும். எதையும் அழிக்கும் முன் இரண்டு பாகத்தையும் திறந்து பார்ப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

திவசத்துக்கு உன் சர்க்கரை ஆலை அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் உன் கண் மூடியிருக்கிறது.

உன் தங்கச்சியைக் கட்டிய,
மாமன்