முசியே, கொஞ்சம் மெதுவாங்க

நேற்றுக் காலை பிரான்சிலிருந்து போன் வந்தது. லூசியன். உங்கள் மகள் தகவல் சொல்லியிருக்கிறாள். நீங்கள் போய்விட்டதை நம்ப முடியவில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளில், பெரியநாயக்கன்பாளையத்தில் நம் கம்பெனிக்குத் துணி வெட்டும் பிரெஞ்சு மிஷின் வந்ததே, அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது. சாயங்கால வகுப்பில் அரைகுறையாகப் பிரெஞ்சு படித்த பாவத்துக்கு, நம் இருவரையும் அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அவர் வாய் திறந்தால் மடை திறந்த மாதிரிதான். விருந்தாளி பேசும்போது குறுக்கிட நமக்கு வருமா? அவர் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் "வி, வி" என்று அவர் மொழியிலேயே ஆமாம் போட்டோம். எல்லாம் புரிகிறதாக்கும் என்று அவர் இன்னும் வேகமெடுத்தார்.

பேச்சு கத்திப் பக்கம் வந்தது. எதை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்க வேண்டும் என்பது பாதிதான் புரிந்தது.

"கேட்டா தப்பா நெனச்சுக்குவாருங்களா?" என்றேன்.

"ஏனுங்க, நாம வெக்கப்பட்டு நின்னா நாளைக்கு நம்ம பசங்க வெரலு போயிப்போடுமுங்க" என்றீர்கள்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனீர்கள். "மன்னிக்கோணும் முசியே. ப்ளு லாந்த்மான், சில் வூ ப்ளே." ஐயாவுக்கு முசியே, மெதுவாகப் பேசச் சொல்ல மற்றது, இரண்டும் வகுப்பில் படித்தவை. அவர் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நேரம் நிதானமாகப் பேசினார், மறுபடி பறந்தார். நீங்களும் விடவில்லை, பணிவும் குறையவில்லை. கடைசியில் பிரெஞ்சு சலித்து, "மெதுவாங்க முசியே, மெதுவாங்க" என்று நம் தமிழுக்கே வந்துவிட்டீர்கள். அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. அந்த மிஷினில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

நேற்று அவர் நான் கேட்காமலேயே நிறுத்தி நிறுத்திப் பேசினார். எப்படிப் போனீர்கள் என்று கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. காய்ச்சல், ஆஸ்பத்திரி, முந்தின நாள்கூட நீங்கள் நர்ஸைச் சிரிக்க வைத்தது, எல்லாவற்றையும் தமிழும் பிரெஞ்சுமாகக் கொட்டினேன். என்ன சொன்னேனோ, எனக்கே விளங்கவில்லை.

அந்தப் பக்கமிருந்து, "மன்னிக்கோணும். மெதுவாங்க" என்றார், நீங்கள் இழுத்துச் சொல்வதைப் போலவே.

நிறுத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்கள் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.