குதிக்கிற அங்கம்மா

மேல் டிவிசன், பெரகல
12.10.2024

அன்புப் பேத்தி மதுஷாவுக்கு, உன் அப்பாயி அங்கம்மா எழுதிக்கொள்வது.

இங்கே மழையைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி. கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. நான் காம்பராவுக்குள் "ஹலோ" என்றால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கம்மா "யாரு, மதுஷாவா?" என்கிறாள். அவளுக்குப் பாதிக் காதுதான் கேட்கும். பாதிக் காதுக்கே இவ்வளவு என்றால் சுவரோடு சுவராக ஒட்டிய மற்ற லயத்தை நினைத்துப் பார். அதுவுமில்லாமல் நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்தில் இந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் அவ்வளவு தூரம் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். எழுதத் தெரிந்தவள் எழுதத்தானே வேண்டும்.

நீ கொடுத்தனுப்பிய டெப், விரலால் தொட்டு ஆடுகிற அந்தப் பலகை, வந்து சேர்ந்தது. உங்கள் கம்பனியில் நீ செய்கிற விளையாட்டு இது, பிள்ளைகளை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் என் வாசலில்தான் கிடக்கிறார்கள். என் பேத்தி செய்தது என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். தோட்டத் தலைவர் பெண்சாதி, "கேம் செய்றதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க?" என்றாள். பொறாமை.

காம்பராவுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருப்பது உண்மைதான். ஆபீசர்மார் வந்து பார்த்து, மழை கூடினால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். மண் சரிந்து லயத்தையே மூடிய மீரியபெத்தயைச் சொல்லிச் சொல்லியே ஆளாளுக்குப் பயம் காட்டுகிறார்கள். எனக்குப் பயமில்லை. ஆனால் மனசு உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் போய் அந்த வெடிப்பைப் பார்க்கச் சொல்கிறது.

உன் அப்பன் நிமலன் வீடு கீழே நல்ல இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகமாட்டேன். புது வீட்டில் கரி பிடிக்கும், விறகு அடுப்பை வெளியே வையுங்கள் என்றான். ஏன் என்று கேட்டேன். "இது என் வீடும்மா" என்றான். பெற்றவளிடம் சொல்கிற சொல்லா அது? அன்றைக்கு மூட்டையைக் கட்டி மேலே வந்தவள்தான். அவன் வந்து "வாங்கம்மா" என்று வாயைத் திறந்து கூப்பிடட்டும். அதுவரை இந்தக் காம்பராதான் எனக்கு.

அன்புடன்,
அப்பாயி அங்கம்மா


வெள்ளவத்தை
19.10.2024

என் அன்பு அப்பாயிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது, அடுத்த தரம் அந்த வெடிப்பு வந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். குடும்பமாக உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டு அது. இரண்டு பேர் சேர்ந்து மலையேற வேண்டும். தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்ட ஒருவர் கை நீட்டினால்தான் மற்றவர் குதிக்கலாம். உயரமான கல்லில் ஏற ஒருவர் தோள் கொடுக்க வேண்டும். தனியாக யாரும் மேலே போய்ச் சேர முடியாது. அந்த இரண்டு பொம்மைகளுக்கும் அங்கம்மா, வீரய்யா என்று உங்கள் பேரையும் தாத்தா பேரையும் வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பா "என் வீடு" என்றது உங்களைத் தள்ளிவைக்க இல்லை, அப்பாயி. அவர் பஸ் கண்டக்டரிடம்கூட "என் வீட்டுக்கிட்ட நிப்பாட்டுங்க" என்கிறார். பரம்பரையாகத் தோட்டக் கம்பனிக் காம்பராவில் இருந்தவர்கள் நாம். ஓர் ஆணி அடிக்கவும் தோட்டத்துத் துரையிடம் கேட்டவர்கள். அப்பாவுக்கு அந்தச் சொல் வாயில் புதுசு. சும்மா சும்மா சொல்லிப் பார்க்கிறார்.

தயவுசெய்து கீழே இறங்குங்கள். மழைச் சத்தம் கேட்டாலே எனக்கு இங்கே வேலை ஓடுவதில்லை.

உங்கள்
மதுஷா


மேல் டிவிசன், பெரகல
3.11.2024

கண்ணு மதுஷா,

தீபாவளிக்கு நீ வராதது எனக்குக் குறைதான். லீவு இல்லை என்றால் நீ என்ன செய்வாய். உன் அம்மா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து தந்தாள். உன் அப்பன் வரவில்லை. கீழே ரோட்டில் நின்றானாம். ரோடு வரை வரத் தெரிந்தவனுக்குப் படியேறத் தெரியாதா? அதிரசம் கொஞ்சம் கெட்டி. அதை உன் அம்மாவிடம் சொல்லாதே.

உன் விளையாட்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. சேலை கட்டியவள் அப்படிக் குதிப்பாளா? முழங்கால் தெரிகிறது. உன் தாத்தா அதில் எனக்குத் தோள் கொடுக்கிறார். நல்ல மனுசன்தான், ஆனால் இருந்த காலத்தில் சுமையைத் தலையில் தூக்கிவிடச் சொன்னால்கூட "இந்தா வர்றேன்" என்று போனவர் சாயங்காலம்தான் வருவார். அது போகட்டும். நான் இத்தனை வருசமாக வாயால் சொல்லாத அவர் பேரைச் சொல்லி, "குதிடா, குதிடா" என்று சின்னப் பிள்ளைகள் கத்துகிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது.

அதைவிடப் பெரிய விசயம், என் பேரை வைத்த பொம்மை குழியில் விழுகிறது. விழுந்தால் செத்துப்போனதாம். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நிற்குமாம். லீவு நாளில் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், "அங்கம்மா செத்துட்டா" என்று வாசலில் சத்தம். கேட்க நன்றாகவா இருக்கிறது? சாகாமல் விழுகிற மாதிரி செய்ய முடியாதா? நாங்களெல்லாம் மலையில் எத்தனை தரம் சறுக்கி விழுந்திருப்போம். எழும்பிச் சேலையைத் தட்டிவிட்டுத்தானே போனோம்.

நானும் ஒரு நாள் ஆடிப் பார்த்தேன். என்னால் நிற்க முடியவில்லை. மற்றவர் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். "பாட்டி, நீங்க ஏன் முந்தி முந்தி ஓடுறீங்க?" என்று பிள்ளைகள் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை இப்போது.

மழை விட்ட பாடில்லை. பின்சுவர் வியர்க்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். கோழி மட்டும் கூட்டுக்குள் போக மாட்டேன் என்கிறது.

அப்பாயி


மேல் டிவிசன், பெரகல
18.11.2024

கண்ணு மதுஷா,

இதை எழுதுவது உன் அப்பாயியேதான். உயிரோடுதான் எழுதுகிறேன். யாராவது வேறு மாதிரி சொல்லியிருந்தால் நம்பாதே.

சனிக்கிழமை சாமான் வாங்க பெரகல சந்தியில் ஜுனைதீன் முதலாளி கடைக்குப் போனேன். பிள்ளைகள் வழக்கம்போல என் வாசலில் டெப்பை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். ஏதோ கஷ்டமான கட்டமாம். ஒருத்தி, "ஐயோ, அங்கம்மா செத்துட்டா!" என்று அழுதிருக்கிறாள். இன்னொருத்தி, "ஒன்னாலதான்டி! கையைக் குடுத்திருந்தா செத்திருக்க மாட்டா!" என்று கத்தியிருக்கிறாள். ராக்கம்மாவின் பாதிக் காதில் போய் விழுந்தது இது. எட்டிப் பார்த்தாளாம். என் கதவு பூட்டியிருக்கிறது, என்னைக் காணோம், பிள்ளைகள் அழுகிறார்கள். அவளுக்கு வேறென்ன வேண்டும்? மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

பீலிக்கரைக்குப் போனபோது அது மாரடைப்பு. வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்துக்குப் போனபோது சந்தியில் பஸ் அடித்துவிட்டது. தேயிலை ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் வந்துகொண்டிருந்தது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் படியேறி வந்தால், என் வாசலில் சாவு மேளம் அடிக்கிற தப்புக்காரர்கள் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சுகிறார்கள். கடைசியில் நின்ற ஒருத்தியிடம், "யாருடி போயிட்டது?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே மூக்கைச் சிந்தினாள். "நம்ம அங்கம்மாக்காதான். நல்ல மனுசி. வாய்தான் கொஞ்சம் நீளம்."

யாரென்று எழுதமாட்டேன். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு நடுவில் உன் அப்பன் நின்றான். காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். தலைவர் அவனிடம், "அம்மா கடைசியா இருந்தது இந்தக் காம்பராவுல. இங்கேருந்தே எடுத்திருவோம் தம்பி" என்றார்.

உன் அப்பன் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். "முடியாதுங்க. எங்கம்மாவ என் வீட்டுலேருந்துதான் எடுக்கணும். அவங்களுக்குன்னுதாங்க முன்னறையே போட்டேன். இன்னி வரைக்கும் அதுல யாரையும் படுக்க விடல."

கையிலிருந்த பை நழுவிவிட்டது. பருப்பு படியெல்லாம் சிதறியது. சத்தம் கேட்டுத் திரும்பினான்.

ஓடி வந்து கட்டிப்பிடித்தான் என்று நினைக்கிறாயா? "எங்கம்மா போயித் தொலைஞ்சீங்க!" என்று ஒரே கத்து.

"பருப்பு வாங்க" என்றேன்.

தப்புக்காரர் ஒருத்தர் முதலில் சிரித்தார். பிறகு லயமே சிரித்தது. ராக்கம்மா மட்டும், "அப்ப செத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் அப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறு என்று படியிறங்கிப் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்ட மறந்துபோகிறேன். பிணமாகப் போனால் முன்னறை உண்டு. உயிரோடு போனால் உண்டா என்று அவன் சொல்லாமல் போய்விட்டானே. நானாகப் போய் நின்று, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் நான் யாருக்கு அம்மா?

என் பேரை அந்தப் பொம்மையிலிருந்து எடுத்துவிடு. உன் தாத்தா பேரையும்தான்.

அப்பாயி


வெள்ளவத்தை
22.11.2024

அன்பு அப்பாயிக்கு,

பேர்களை எடுத்துவிட்டேன். சாவதையும் எடுத்துவிட்டேன். இப்போது விழுந்தால் எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் எழுதியதைக் காட்டினேன், இங்கே எல்லாருக்கும் பிடித்துவிட்டது. முழங்காலையும் மூடியாயிற்று.

அப்பா எனக்குப் போன் எடுத்தார். கொழும்பில் மழையா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, "நான் கூப்பிட்டு அம்மா முடியாதுன்னுட்டா என்னா செய்யிறது மதுஷா? கூப்பிடாம இருந்தா, என்னிக்காவது வருவாங்கன்னாவது நெனச்சுக்கிட்டு இருக்கலாம்" என்றார். அவர் உங்கள் மகன்தான், அப்பாயி. உங்களை உரித்து வைத்திருக்கிறார்.

அவர் கூப்பிட வேண்டாம், நீங்கள் உறவு கொண்டாடியும் போக வேண்டாம். மழைக்கு ஒதுங்கப் போங்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்கள் யாரிடம் கேட்டுக்கொண்டு ஒதுங்குகிறார்கள்? வானிலைச் செய்தி நல்லதாக இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே இறங்குங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மதுஷா


கீழ் டிவிசன், பெரகல
15.12.2024

கண்ணு மதுஷா,

கடிதம் எழுதப் பிந்திவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் எல்லாரும் சுகம், கோழியும் சுகம்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள் பின்சுவர் வழியாகச் சேறு கசிந்தது. ராக்கம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். அவளை அவள் மகள் வீட்டில் விட்டுவிட்டு, உன் அப்பன் வாசலில் போய் நின்றேன். தொப்பலாக நனைந்திருந்தேன். கதவைத் திறந்தான்.

"மழைக்கு ஒதுங்க வந்தேன்" என்றேன்.

"மழைதானே" என்றான். மூட்டையை வாங்கி முன்னறையில் வைத்தான். உன் அம்மா சுடுதண்ணீர் போட்டாள்.

லயம் விழவில்லை. கோடிக் காம்பராவில் சமைக்கிற குசினிச் சுவர் மட்டும் சரிந்தது. வெடிப்பு அப்படியேதான் இருக்கிறது. சில பேர் திரும்ப மேலே போய்விட்டார்கள். ஒன்றுமே நடக்காததற்கு இறங்கி ஓடிவந்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மழை விட்ட மறுநாளே மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். உன் அப்பன் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்து மூட்டையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தான்.

"கருக்கலா இருக்கேம்மா. சாயந்தரம் திரும்பப் புடிச்சிக்கும். நாளைக்குப் பாத்துப் போகலாம்" என்றான்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். கழுவித் துடைத்த மாதிரி நீலம். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"ஆமாப்பா, புடிக்கும்போலத்தான் இருக்கு" என்றேன்.

அன்றையிலிருந்து காலையில் வெளியே வந்தால் அவனுக்கு அதுதான் முதல் பேச்சு. நேற்று முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். "உள்ளுக்குள்ள குளிர் இருக்கும்மா, அது மழைக் குணம்" என்கிறான். உன் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உன் விளையாட்டை ஆடினோம். "அம்மா, நில்லுங்க. நான் வந்து கையைக் குடுக்கிறேன்" என்றான். "நீ வர்றதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று குதித்தேன். இரண்டு பொம்மையும் கானுக்குள். யாருடைய பிழை என்று இன்னும் தீர்மானமாகவில்லை. சாப்பிடும்போதும் அதே சண்டைதான்.

மேலே காம்பராவில் என் அம்மியும் இரண்டு சட்டியும் கிடக்கின்றன. போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவனே போய், முதுகு ஒடிய அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதற்கு இவ்வளவு பாடு, மழை விட்டதும் போகப் போகிறவள்தானே என்றேன். "மழை விடட்டும்" என்றான்.

பொங்கலுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். லீவு தராவிட்டால் உங்கள் முதலாளிக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன். இத்துடன் நிறுத்துகிறேன். வாசலில் பாயை விரித்து வடகம் காயப் போட்டிருக்கிறேன், காகம் வந்து உட்காருகிறது. அடிக்கிற வெயிலுக்குச் சாயந்தரத்துக்குள் காய்ந்துவிடும்.

அப்பாயி அங்கம்மா