நாலு வயது கூட்டிய கையெழுத்து

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. நான் நல்ல சுகம். என் நாடியைப் பார்த்த டாக்டரே பொறாமைப்பட்டார். உன் மகள் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. நீ வேலை பார்க்கும் ஆலை விடுதியில் உங்கள் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் கடிதம்.

உன் வீட்டுக்காரர் அவளை மரக்கடைக்காரனுக்குப் பேசி முடித்துவிட்டார். பதிவெல்லாம் எதுக்கு, மதகுரு ஓதினா போதும், கடவுளுக்கு முன்னாடி என்ன வயசு என்கிறார். மதகுரு, பதினெட்டு முடிந்ததாகக் குடும்பத்தில் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாராம்.

இந்த வட்டாரத்தில் எந்தத் தாளாக இருந்தாலும் சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம்தானே வருவார்கள். மூன்று சுழி போட்டு நான் எழுதும் அழகு அப்படி. உன் வீட்டுக்காரரும் ஒரு தாளை நீட்டினார். பொடி எழுத்து; கண்ணாடி வேறு கையில் இல்லை. போட்டுவிட்டேன்.

மறுநாள் உன் மகள் அதன் நகலோடு வந்து நின்றாள். மாமா, எனக்கு நாலு வயசு கூட்டிட்டீங்களே என்றாள்.

அப்போதே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அதிகாரியம்மா எழுந்து நின்று வரவேற்றார். எனக்கு மூன்று நீதிபதிகளைத் தெரியும் என்றேன். பேர் சொல்லுங்க என்றார். அதை விடு. பதினெட்டுக்குள் யார் ஓதி நடத்தினாலும் அது குற்றம், ஓதியவருக்கும் தண்டனை, பொய்யா எழுதிக் கொடுத்த உங்களுக்கும் உண்டு என்றார். வழக்குப் போட்டுக்கொள்ளட்டும், எனக்கென்ன பயம். தண்ணீர் மட்டும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன், வெயில் அப்படி.

வெள்ளிக்கிழமை வரை கல்யாணத்துக்கு நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வயதைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று உன் வீட்டுக்காரர் வாதாடுகிறார். நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கும் வயது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். உங்க பேச்சை எந்தப் பக்கம் நம்புறது என்று நீதிமன்றத்தில் கேட்கிறார்கள். நீ விடுதிக்குக் கொண்டுபோன பெட்டியில் இருக்கும் அவள் பிறப்புச் சான்றிதழ், அதுவும் அசல், இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

மரக்கடை வண்டி மூன்று நாளாகத் தெருமுனையில் நிற்கிறது. லோடு ஏற்ற வந்திருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. ஜன்னல் பக்கமே போவதில்லை.

இதைக் கொண்டுவரும் பஸ் ஓட்டுநர் நாளை மாலை திரும்புகிறார். சான்றிதழை அவர் கையிலேயே கொடு.

நீ நன்றாக இருக்க வேண்டும், தங்கச்சி. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் பெட்டியைத் திற.

உன் அண்ணன்