பத்து என்று பொறித்த கல்

பெப். 12, வியாழன்

பனி. புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் கை மரத்துப் போனது.

லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, பின்னால் பயிற்சி. குழாய்க் கம்பி, இரண்டு பக்கமும் கயிற்றில் இரண்டிரண்டு கல். குந்தி எழுதல், தலைக்கு மேல் தூக்கல், குனிந்து இழுத்தல். கைகள் கடைசியில். முழு உடம்பும் ஒரே நாளில். வாரம் மூன்று முறை, மற்ற நாள் ஓய்வு.

பழைய பயில்வான்கள் இப்படித்தான் செய்தார்கள். மெஷின் இல்லை, டப்பா மாவு இல்லை. கண்டி நடைபாதையில் வாங்கிய அட்டையில்லாத புத்தகம் சொல்கிறது. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் நிற்கும் ஒரு மீசைக்காரன். கழுத்து, புஜம், கெண்டைக்கால் மூன்றும் ஒரே சுற்றளவு வர வேண்டுமாம். எனக்குக் கெண்டைக்கால் மட்டும் வந்திருக்கிறது. மலை ஏறிய கால். அதில் என் சாதனை ஒன்றுமில்லை.

குந்தி எழுதல் இருபது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று பெருமூச்சு. முடிந்ததும் பால். இன்றும் பாதி தாண்டி விழுந்தேன். புத்தகத்தில் இது தொடக்கக்காரனுக்கான எடை. எனக்கு இரண்டு வருடம்.

தலைமுறை தலைமுறையாக ரொட்டியும் சம்பலும். இந்த உடம்பு இவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதற்கு ஒரு சொல் இருந்தது: போஷாக்கின்மை. சொல்லிவிட்டால் கொஞ்ச நேரம் உடம்பின் மேல் கோபம் வராது.

கற்கள் அப்பா தந்தவை. மடுவத்தில், தோட்டத்து நிறுவைக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுத்த எடைக்கற்கள். வளையம் வைத்த வார்ப்பிரும்பு, மேலே 10 என்று பொறித்தது. இரண்டு வருடத்துக்கு முன் எலெக்ட்ரோனிக் தராசு வந்ததும் பழையதைக் கழித்துவிட்டார்கள். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. போன வருடம் ஓய்வு. இன்னும் சொல்வார்: "என் தராசுல சொந்தம் பந்தம் கெடையாது."

உண்மைதான். அம்மாவுக்கே எத்தனையோ முறை அரைப்பேர் போட்டிருக்கிறார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க நின்றாலும் பாதி நாள் வேலை என்று கணக்கு.

இன்றும் அம்மாவுக்கு அரைப்பேர். வறட்சி, கொழுந்து இல்லை. பக்கத்துக் காம்பரா சரசக்கா, நான் கேட்க வேண்டுமென்றே அம்மாவிடம்: "ஒம் மகன் சும்மா கெடக்குற கல்லத் தூக்குறான். என் மூட்டையக் கொஞ்சம் தூக்கச் சொல்லேன்."

பால் அரைக் கிளாஸ். மீதி தேத்தண்ணிக்கு.


பெப். 14, சனி

ஹட்டன். டியூஷன் வகுப்பு எடுத்து முடித்து ரொபட்டோடு ஜிம்முக்கு. ரொபட் போன் கடையில் வேலை. ஏப்ரலில் நுவரெலியாவில் ஆணழகன் போட்டி, இரண்டு பேரும் பெயர் கொடுக்கலாம் என்கிறான். சும்மா பார்க்கத்தான் போனேன்.

கம்பியின் கனத்தையும் சேர்த்து வீட்டு எடை வரும்படி தட்டுப் போட்டேன். குந்தினேன். எழுந்தேன். இருபது.

ரொபட்: "டேய், நோஞ்சான் நோஞ்சான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே?"

இன்னும் இரண்டு சின்னத் தட்டு ஏற்றினான். அதுவும் வந்தது. சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. தட்டெல்லாம் எடை குறைவு என்று சொல்லிவிட்டேன்.

ஜிம் அண்ணன் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், தம்பி என்பதை மட்டும் 'மல்லி' என்பார். முகம் சிவந்துவிட்டது. "மல்லி, என் பிளேட்டு பொய்யா? வா, ஏத்துறேன் பாரு." போட்டிக்காரர்களை நிறுக்கும் தராசை இழுத்து வந்தார். ஒவ்வொரு தட்டாக வைத்தார். எல்லாம் சரி. "இப்ப சொல்லு, பொய் யாரு?"

மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் நடுங்கவில்லை.


பெப். 15, ஞாயிறு

வெயில். போர்வை காயப்போட்டேன். குழம்புக்கு நெத்தலி. பயிற்சி இல்லை.

புத்தகத்தில் ஒரு அத்தியாயம். பழைய காலத்து சர்க்கஸ் பயில்வான்கள். கம்பியின் இரண்டு முனையிலும் பெரிய இரும்புக் குண்டு. சிலர் அதை உள்ளே வெறும் கூடாக வார்த்துவிட்டு வெளியே பெரிய எண்ணை எழுதினார்களாம். பல்லைக் கடித்துத் தூக்குவார்கள். ஜனம் கைதட்டும். இல்லாத கனத்தைக் காட்டும் வித்தை.

படித்துவிட்டு வெளியே போய்க் கல்லைக் கவிழ்த்தேன். அடியில் தார் பூசியிருந்தது. கத்தியால் சுரண்டினேன். இரும்பு இல்லை. மங்கிய வெள்ளை. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது.

ஈயம். குழி நிறைய.

நாலு கல்லிலும்.


பெப். 17, செவ்வாய்

ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ். யாத்திரை முடித்து மலை இறங்கி நல்லதண்ணியிலிருந்து வந்த ஆட்கள் நிறைய, எல்லோரும் வெள்ளை உடுப்பு. தோளில் தோள் சாய்த்துத் தூங்குகிறார்கள். கண்டக்டர் என் பையைக் காலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"என்ன மல்லி, குண்டா?"

"கல்லு."

"சாமிக்கா?"

பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தமிழ்ப் பெயர், கனமான பை. ஒரு காலத்தில் பிடித்துக்கொண்டு போக அது போதும்.

ஜிம் அண்ணன் ஒன்றும் கேட்காமல் தராசைக் கொண்டுவந்தார். பதினொரு கிலோவும் கொஞ்சமும். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். கல்லின் மேல் உள்ள எண்ணை விரலால் தடவினார்.

"இது எங்க இருந்த கல்லு?"

சொன்னேன். கல்லைப் பையில் அவரே போட்டுக் கொடுத்தார்.

தராசில் ஒரு பக்கம் கல், மறுபக்கம் கொழுந்து மூட்டை. பதினொன்றுக்கு மேல் பறித்தால்தான் பத்து. என் புத்தகத்து வித்தைக்காரர்கள் இல்லாத கனத்தைக் காட்டினார்கள். இங்கே இருக்கிற கனத்தை ஒளித்தார்கள். யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

நான் இரண்டு வருடம் என் எலும்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.


பெப். 18, புதன்

அப்பா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா மலையிலிருந்து வந்து, பின்பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"கல்லுக்கு அடியில ஈயம் இருக்குப்பா."

"இருக்கும்."

"யாரு ஊத்துனா?"

"என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். "கொழுந்துல ஈரம் இருக்கு, சாக்கு எடை இருக்கு, அதுக்கு ஈடான கல்லுன்னு அப்ப மேனேஜரா இருந்த தொரை சொன்னாரு."

"ஈரத்துக்கும் சாக்குக்கும் தனியா கிலோ வெட்டுனீங்களே."

பேப்பரில் பக்கம் திருப்பினார்.

"அம்மாவுக்கும் இதே கல்லா?"

"எல்லாருக்கும் ஒரே கல்லுதான். என் தராசுல..." நிறுத்திக்கொண்டார்.

"இத எதுக்கு எனக்குக் குடுத்தீங்க?"

"பழைய கல்லெல்லாம் தேக்கத்துத் தண்ணியில போடச் சொன்னாங்க. நானும் லொறியில ஏறுனேன். நல்ல இரும்பு. நீ என்னமோ சிமெண்டு டப்பாவக் கட்டித் தூக்கிக்கிட்டிருந்த. பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் நாலு கல்ல எடுத்து வச்சேன்."

அவ்வளவுதான். ஒரு தோட்ட நிர்வாகமே மறைத்த விஷயம், நல்ல இரும்பை எறிய மனம் வராமல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. மகன் மேல் பாசம் வேறு. இதை எப்படி வெறுப்பது? வெறுக்க முடிந்தால் சுலபம்.

"ஒன்னைய படிக்க வச்சது அந்த வேலதான்," என்றார். கடைசியில் இதைச் சொல்வார் என்று தெரியும்.

அடுப்பு ஊதும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.


பெப். 19, வியாழன்

பயிற்சி நாள். செய்யவில்லை.

அம்மா காலையில், ரொட்டி தட்டிக்கொண்டே: "எந்தக் கல்லு?"

காட்டினேன். மாவுக் கையோடு வளையத்தைப் பிடித்துத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கீழே வைத்தாள்.

"ஒங்கக்கா பொறக்குறதுக்கு மொத வாரம் எனக்கு அரைப்பேரு. நெற மாசம். சோம்பேறின்னு சொன்னாரு ஒங்கப்பா. எல்லாப் பொம்பளைங்களும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. நாம சோம்பேறிதான் போலன்னு."

சாதாரணக் குரல். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"மத்தியான நிறுவைக்கு மடுவத்துக்குக் கொண்டு வா. புதுத் தராசுல வச்சு எல்லாருக்கும் காட்டு."

உள்ளேயிருந்து அப்பா: "நான் செத்த பெறகு கொண்டு போங்க."

நான் சொன்னேன், யோசிக்கிறேன் என்று.

அம்மா: "யோசி. அதுக்குத்தானே படிச்ச."


பெப். 20, வெள்ளி

போகவில்லை.

காரணங்கள்: அப்பாவின் பிரஷர். பழைய கதை. அந்தத் துரை இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கல் இங்கேதான் இருக்கும், ஓடாது.

ரொபட் போன். போட்டிக்குப் பெயர் கொடுத்தாச்சா? நாளை என்றேன்.

கண்ணாடி முன் நின்றேன். ஜன்னல் பக்கவாட்டில். தோள் வந்திருக்கிறது, உண்மையிலேயே. ஈயத்தின் உபயம். அம்மாவின் தோளும் இதே கல்லால் ஆனதுதான். ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. அதற்குப் போட்டி வைக்கிறவர் யாருமில்லை.


பெப். 21, சனி

டியூஷனுக்குப் புறப்படும்போது, பதினொரு மணிக்குப் பார்த்தேன். கல் மூன்றுதான் இருந்தது.

மடுவத்துக்கு ஓடினேன். நிறுவை தொடங்கிவிட்டது. பெண்கள் வரிசையில். புதுக் கணக்கப்பிள்ளை விஜயன், என்னைவிடச் சின்னவன், தராசுக் கொக்கியில் அம்மாவின் மூட்டையை மாட்டிவிட்டு எண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, இந்த வறட்சியில இவ்வளவா? மலையவே பிடுங்கிட்டீங்களா?"

அம்மா மூட்டையை இறக்கினாள். கொழுந்துக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்தாள். காலையிலேயே கொண்டு போயிருக்கிறாள். காலை முழுக்க அதைச் சுமந்துகொண்டுதான் பறித்திருக்கிறாள்.

கல்லைத் தனியாக மாட்டினாள். சிவப்பு எண். பதினொன்று, புள்ளி, ஏதோ.

"இதுதான் அவரு நிறுத்த பத்து," என்றாள்.

சரசக்கா கிட்டே வந்து எண்ணைப் பார்த்தாள், கல்லின் மேல் பொறித்ததைப் பார்த்தாள். "ஒங்க வீட்டுக்காரரு."

"ஆமா. எங்க வீட்டுக்காரரு."

விஜயன் தராசை அணைத்துவிட்டான். "அக்கா, இது கொழுந்துத் தராசு, கண்டதையும் மாட்டக் கூடாது. தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்." ஒரு பெண் அவனிடம்: "ஒன் தராச இனி யாரு தம்பி நிறுக்கிறது?" அவன் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

வேலை விட்டதும் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல் வாசலில் இருந்தது. ஒவ்வொருத்தியாகக் குனிந்து தூக்கினார்கள், கனம் பார்த்தார்கள், வைத்தார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு தடவை.

அப்பா வெளியே வந்தார். சட்டைப் பட்டன் எல்லாம் போட்டு, காலையில் பேர் எடுக்கப் பெரட்டுக்குப் போகிற மாதிரி. உட்காரச் சொல்லி ஸ்டூல் இழுத்தார். யாரும் உட்காரவில்லை.

சரசக்கா கல்லைத் தூக்கி அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"நீங்க நிறுத்தவரு. நீங்களே சொல்லுங்க கணக்கப்பிள்ள. எத்தன?"

கல்லைப் பார்த்தார். பிறகு அம்மாவை. அம்மா சேலையில் ஒட்டியிருந்த கொழுந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்து," என்றார்.

அவர் கையிலிருந்து யாரும் அதை வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.