அடித்து எழுதச் சொன்ன வரி

செங்கல்பட்டு,
15.4.2003

அன்பு மகள் ரோகிணிக்கு,

ஆசிகள். அம்மா நலமாக இருப்பதாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனிமேல் வருவது நானாக எழுதுவது.

மேலே கல்பாக்கம் என்று போடாமல் செங்கல்பட்டு என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பாய். பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவைச் சேர்த்துப் பதினேழு நாளாகிறது. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதே அவளுக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. வாயுதானே என்று நமக்குத் தெரியாமல் மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாளாம். கல்லீரலில் கட்டி. உனக்குப் போன் பண்ணக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கடிதத்தில் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸில் ஃபைல் எழுதியவனுக்கு இந்தச் சந்துபொந்து தெரியாதா?

24ஆம் தேதி உனக்குப் படைப்பிலக்கியப் பரீட்சை. அதற்காக நான் உன்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? கதையை யாராவது மனப்பாடம் பண்ணுவார்களா என்று அழாத குறையாகக் கேட்டாய். ஒன்றரை மணி நேரத்தில் யாருக்குக் கற்பனை வரும் என்று அதட்டினேன். நானே ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். செத்துப்போன அம்மாவுக்காக மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்தடியில் காத்திருக்கும் பெண்ணின் கதை. கேள்வி மழையைப் பற்றி வந்தாலும் பஸ் ஸ்டாண்டைப் பற்றி வந்தாலும் முதல் பத்தியை மட்டும் மாற்றிக்கொண்டு நேராக அங்கே போய்விடு என்றேன்.

கதை உனக்குள் எப்படி உருவானது என்று நீயே விளக்க வேண்டிய இருபது மார்க் பகுதியையாவது உன்னிடம் விட்டேனா? அதுவும் இல்லை. 'என் தாயை இழந்த துயரமே இக்கதை' என்று அதிலும் எழுதிக் கொடுத்தேன். கதையின் முடிவில் 'அம்மா வருவாள்' என்று முதலில் எழுது, பிறகு அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு 'அம்மா இனி வரமாட்டாள்' என்று மேலே எழுது, தயங்கித் தயங்கி எழுதிய மாதிரி இருக்கும் என்று அடித்தலுக்குக்கூட இடம் குறித்துக் கொடுத்தேன்.

அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தவள் அம்மா. "இன்னாங்க, என்ன சாவடிச்சா எத்தினி மார்க்கு வரும்?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? இருபதுக்கு இருபது என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எழுதியதால் வியாதி வராது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

நீ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததில் அம்மாவுக்கும் கதை முழுக்க மனப்பாடம். போன வாரம் பக்கத்துக் கட்டில் அம்சாவுக்கு அதைச் சொன்னாள். அம்சா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பொண்ணு எழுதினது என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், மறுக்கவில்லை.

நேற்று மறுபடியும் ஆரம்பித்தாள். இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. 'அம்மா வருவாள்' என்பதோடு நிறுத்திவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று நினைத்து, அது அடிக்க வேண்டிய வரியாயிற்றே, அடுத்ததைச் சொல் என்றேன். "இப்ப அத்த அடிக்காதீங்க. பாப்பா வந்து பாத்துட்டுப் போவட்டும், அப்பால அடிச்சிக்கலாம்" என்றாள். நான் வெளியே வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்று காலை டாக்டர், வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். குணமாகிவிட்டதா என்று அம்சா சந்தோஷமாகக் கேட்டாள். தலையை ஆட்டிவைத்தேன். இங்கே நர்ஸ் மேரி எங்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்கிறார். நானும் சிங்கப்பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை, ரோகிணி. உன்னிடம் பொய் சொல்ல முடியவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகிறோம்.

இந்தப் பரீட்சை போனால் ஒரு வருஷம் போகும். போகட்டும். கடிதம் கிடைத்த அன்றே திருநெல்வேலியில் ரயில் ஏறிவிடு. நீ என்றைக்கு வருவாய் என்று தெரியாததால் வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் வந்து நிற்பேன். அம்மா கேட்டால் பரீட்சை தள்ளிப்போயிற்று என்று சொல். நான் உனக்கு மனப்பாடம் பண்ணக் கொடுப்பதில் இதுவே கடைசி.

இனி என்றைக்கு அந்தப் பரீட்சை எழுதினாலும் அந்தக் கதையை மட்டும் எழுதாதே. வெள்ளைத் தாளை அப்படியே கொடுத்துவிட்டு வந்தாலும் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்த வரியை நாங்கள் இன்னும் அடிக்கவில்லை. சீக்கிரம் வா, அம்மா.

உன் அப்பா,
ராஜேந்திரன்